டொம் குரூஸ் உங்களுக்கு என்ன முறை?

பள்ளிமுனையில் இருந்து படிப்புக்காக வெளியூர் போகிற எங்களில் யாருடைய பேர் 'குரூஸ்' என்று முடிகிறதோ, அவருக்கு முதல் கிழமையிலேயே ஒரு கேள்வி காத்திருக்கும். "டொம் குரூஸ் உங்களுக்கு என்ன முறை மச்சான்?" சிரித்துவிட்டுப் போய்விடலாம். இல்லாட்டி, அந்த நடிகரின் உண்மையான குடும்பப் பேர் மேப்பொதர், குரூஸ் அவருடைய நடுப்பேர்தான் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

இரண்டாவது கேள்விதான் கொஞ்சம் இடைஞ்சல். "உண்மையா நீங்க தமிழோ? இது இங்கிலீஷ் பேர் எல்லோ? பறங்கி ஆக்களோ?" கேட்கிறவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆனால் இருபது வயது வரைக்கும் தமிழில் அழுது, தமிழில் செபம் சொல்லி, தமிழில் சண்டை பிடித்த ஒரு ஆளிடம் 'நீ தமிழோ' என்று கேட்டால் என்ன மறுமொழி சொல்வது?

மூன்றாவது கேள்வி எங்கட பக்கத்து ஆக்களிடம் இருந்தே வரும், பெரும்பாலும் வயதானவர்களிடம் இருந்து. "குரூஸ் எண்டா, எந்த ஊர் குரூஸ்? தாய் ஆர்? தகப்பன் ஆர்?" அது ஊரைக் கேட்பது போல இருக்கும். உண்மையில் கேட்பது சாதியை.

ஒரே பேருக்கு மூன்று கேள்வி. முதலாவது பகிடி, இரண்டாவது இனம், மூன்றாவது சாதி. மூன்றுக்கும் பின்னால் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: ஒரு குடும்பப் பேரைக் கேட்டால் அந்த ஆளின் இரத்தம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. குரூஸ் என்ற பேரின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தபோது, அந்த நம்பிக்கைக்கு அங்கே இடமே இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

இது இங்கிலீஷ் பேர் இல்லை

முதலில் இதை முடித்துவிடுவோம். இங்கிலீஷ்காரரின் குடும்பப் பேர்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் நாலு வழி தெரியும். தொழில்: ஸ்மித் என்றால் கொல்லன், டெய்லர் என்றால் தையல்காரன். தகப்பன்: ஜோன்சன் என்றால் ஜோனின் மகன். இடம்: ஹில் என்றால் குன்றடியில் இருந்தவன். பட்டப்பேர்: ஷோர்ட் என்றால் கட்டையன். இங்கிலீஷிலும் சிலுவை என்ற பொருளில் ஒரு குடும்பப் பேர் இருக்கிறது, 'கிரோஸ்'. தெருவோரச் சிலுவைக்குப் பக்கத்தில் குடியிருந்தவனுக்கு வந்த பேர் அது. ஒருவரை எந்தப் பேரால் கூப்பிட்டார்களோ அதையே எழுதி வைக்கிற வழக்கம் அங்கே பலப்பட்டதற்கு 1538ஆம் ஆண்டு ஒரு காரணம். அந்த ஆண்டில் தோமஸ் குரொம்வெல் ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானம், கலியாணம், சாவு மூன்றையும் பதிய வேண்டும் என்று கட்டளையிட்டார்.

எங்கட குரூஸ் அங்கிருந்து வரவில்லை. அது போர்த்துக்கேயச் சொல். பொருள் அதேதான், சிலுவை. 'ட குரூஸ்' என்றால் 'சிலுவையின்' அல்லது 'சிலுவைக்குரிய' என்று அர்த்தம். போர்த்துக்கலில் இந்த மாதிரிப் பக்திப் பேர்கள் பிரபுக் குடும்பங்களின் பெருமையாக இருந்தவை அல்ல. சிலுவை, புனிதர்கள், யேசு, செபமாலை என்று வருகிற பேர்களைப் பெரும்பாலும் பரம்பரைப் பேர் இல்லாதவர்களுக்குத்தான் வைத்தார்கள். கோயில் வாசலில் விடப்பட்ட பிள்ளைகள், புதிதாக வேதத்தில் சேர்ந்தவர்கள் இப்படி. அதாவது 'உனக்குத் தகப்பன் வழிப் பேர் இல்லையா, சரி, சிலுவையே உன்ர குடும்பம்' என்று சொல்லுகிற பேர் அது.

மன்னார்க் கரையில் நாங்கள் தினம் கேட்கிற மற்றப் பேர்களிலும் இப்படிக் கதை இருக்கிறது. பர்ணாந்து என்பது பெர்னாண்டஸ், பெர்னாண்டோ என்ற பேர்களில் இருந்து வந்தது. பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன். பீரிஸ், பேருவின் மகன். அதாவது இராயப்புவின் மகன். டயஸ், தியோகுவின் மகன். கூஞ்ஞ என்றால் ஆப்பு, மரம் பிளக்கிற ஆப்பு. சில்வா என்றால் காடு. கொஸ்தா என்றால் கரை.

இதில் எங்களுக்குப் பிடித்தது 'மகன்' பேர்கள். பழைய போர்த்துக்கலில் பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸ் என்றால், அந்தப் பெர்னாண்டஸின் மகனுக்கு வேறு பேர் வரும். தலைமுறைக்குத் தலைமுறை மாறும். எங்கட தமிழ் முதலெழுத்து முறை மாதிரியேதான். தகப்பன் பேரை நாங்கள் முன்னுக்கு வைக்கிறோம், அவர்கள் பின்னுக்கு வைத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு ஒரு கட்டத்தில் அந்தப் பேர் மாறாமல் உறைந்துவிட்டது. பெர்னாண்டஸ் என்றவரின் மகனும் பெர்னாண்டஸ், பேரனும் பெர்னாண்டஸ். குடும்பப் பேர் என்பது பல இடங்களில் உறைந்துபோன ஒரு தகப்பனின் பேர்தான். இதை மனதில் வைத்திருங்கள். கடைசியில் திரும்பவும் வருவோம்.

முதல் குரூஸ் வெள்ளைக்காரன் இல்லை

எங்களில் கனபேர் நினைத்திருந்தது இப்படி: போர்த்துக்கேயர் வந்தார்கள், அவர்களில் ஒரு குரூஸ் இங்கே குடியிருந்தார், அவரின் சந்ததிதான் நாங்கள். அல்லது ஒரு வெள்ளைக்காரக் குரூஸ் எங்கட ஆக்களுக்கு ஞானத்தகப்பனாக நின்று தன்ர பேரைக் கொடுத்தார்.

தமிழ்க் கடற்கரை வரலாற்றில் பெரிதாகப் பேசப்படுகிற முதல் குரூஸின் பேர் ஜுவாம் ட குரூஸ். அவர் மலபார் ஆள். கோழிக்கோட்டு சாமூதிரி அரசரின் சார்பில் 1513இல் லிஸ்பனுக்குப் போன இளைஞன். அங்கே ஞானஸ்நானம் பெற்று, அந்தப் பேரையும் போர்த்துக்கல் அரசனிடம் இருந்து ஒரு வீரர் பட்டத்தையும் பெற்றுத் திரும்பி வந்தார். பிறகு குதிரை வியாபாரம். தென்கரை அரசர்களுக்குக் குதிரை விற்றுக்கொண்டு கன்னியாகுமரிப் பக்கம் திரிந்தார்.

அந்த நேரம் மன்னார் வளைகுடாவின் அடுத்த கரையில், தூத்துக்குடிப் பக்கம், முத்துக்குளிப்பைப் பிடித்து ஒரு பெரிய இழுபறி நடந்துகொண்டிருந்தது. முத்துச்சலாபத்தின் உரிமையும் வரியும் யாருக்கு? பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் இடையில் 1530களின் தொடக்கத்தில் அது இரத்தக்களரியாகவே மாறியது. ஒடுக்கப்பட்டு நின்ற பரதவருக்கு ஜுவாம் ட குரூஸ் சொன்ன யோசனை, கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கேயரிடம் பாதுகாப்புக் கேளுங்கோ, வேதத்தில் சேருங்கோ என்பது. 1535இல் ஏறத்தாழ 85 பேர் கொண்ட குழு கொச்சிக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றது. அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுக்குள் முத்துக்குளித்துறைக் கரையில் ஏறக்குறைய 20,000 பேர் வேதத்தில் சேர்ந்தார்கள். பரதவரின் தலைவர் விக்கிரம ஆதித்த பாண்டியர் ஞானஸ்நானத்தில் எடுத்துக்கொண்ட பேரும் ஜுவாம் ட குரூஸ்தான்.

யோசித்துப் பாருங்கள். பேர் லிஸ்பனில் இருந்து வந்தது உண்மை. ஆனால் அதைச் சுமந்து வந்தவர் மலையாளக் கரைக்காரர். அவரிடம் இருந்து எடுத்துக்கொண்டவர் தமிழ்த் தலைவர். எல்லாக் குரூஸ்களும் இந்த இரண்டு பேரிடம் இருந்துதான் வந்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. குருமார் வைத்த பேர்கள் இருக்கும், ஞானத்தகப்பன் கொடுத்த பேர்கள் இருக்கும். ஆனால் இந்தப் பேர் எங்கட கரையில் வேர்விட்டதில் இரத்தத்துக்கு வேலை இருக்கவில்லை. அதில் இருந்தது ஒரு ஒப்பந்தம். 'நாங்கள் உங்கட வேதத்தில் சேர்கிறோம், நீங்கள் எங்கட கடலைக் காப்பாற்றுங்கள்' என்ற ஒப்பந்தத்தின் கையெழுத்துத்தான் அந்தப் பேர்.

ஒப்பந்தம் என்று சொன்னவுடன் அதைப் பெருமையாக மட்டும் எழுதிவிட முடியாது. பாதுகாப்புக் கொடுத்தவர்கள் பிறகு முத்தில் பெரும் பங்கையும் எடுத்தார்கள். இன்னொன்று, இந்தக் கதையை எங்கட கோயில் விழாக்களில் சில நேரம் 'முஸ்லிம்களிடம் இருந்து தப்பிய கதை' என்று சொல்லுவார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லுவதற்கு முன்னால் இரண்டு தரம் யோசிக்க வேண்டும். அன்று நடந்தது முத்துக்கான சண்டை. சமயம் அதில் போட்ட உடுப்பு.

மன்னாருக்கு வந்த வழி

மன்னார்த் தீவு அப்போது யாழ்ப்பாண அரசுக்குக் கீழ் இருந்தது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் செய்த ஒரு காரியம் எங்கட கதைக்கு முக்கியம். 1545 தொடக்கத்தில் எழுதிய கடிதம் ஒன்றில், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததைச் சொல்லுகிறார். அதில், ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப் பேரை எழுதிக் கொடுத்ததாகவும் குறிப்பிடுகிறார். பேரை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது ஏன்? வாங்கியவருக்கு அந்தப் பேர் வாயில் வராது. வீட்டுக்குப் போகும் முன் மறந்துவிடும். எங்கட முன்னோர் பலருக்கு அந்தப் பேர் முதலில் ஒரு துண்டாகத்தான் கையில் வந்திருக்கும்.

மன்னார் மக்களும் சவேரியாரைக் கேட்டு அனுப்பினார்கள். அவர் தன் சார்பில் ஒரு குருவை அனுப்பினார். 1544இல் வேதத்தில் சேர்ந்தவர்களை யாழ்ப்பாண அரசன் சங்கிலி கொல்லுவித்தான். அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் என்று சொல்லப்படுகிறது. தோட்டவெளி வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயத்துக்கு எங்களைச் சின்னனில் கூட்டிக்கொண்டு போனபோது இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். ஆனால் இன்றைக்கும் நாங்கள் அவர்களை நினைவுகூருவது ஒரு எண்ணிக்கையாகத்தான். 'அறுநூறு பேர்' என்கிறோம். சாவுக்குக் காரணமான அந்தப் புதுப் பேர்களைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மன்னாரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் ஏன் எப்போதும் படத்தையும் முழுப் பேரையும் சேர்த்தே பிடித்திருக்கிறார்கள் என்று இந்த இடத்தில் எங்களுக்கு விளங்கியது. எண்ணிக்கையாகிவிட்டால் ஆள் போய்விடும்.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். வடுகப் படைகளின் தொல்லையில் இருந்து காப்பாற்றுவதற்கு என்று சொல்லிப் புன்னைக்காயலில் இருந்த பரதவரில் ஒரு பகுதியினரை இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். அவர்களோடு வந்தவர் அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இவருடைய வேலை. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. இவருடைய பேரையும் பாருங்கள்: அன்றீக்கேயின் மகன் அன்றீக்கே. பிறப்பில் இவர் யூத வழிக் குடும்பத்தவர். போர்த்துக்கலில் 1497இல் யூதர்களை வலுக்கட்டாயமாக ஞானஸ்நானம் பெறவைத்தபோது அவர்களும் பழைய பேர்களை விட்டுப் போர்த்துக்கேயப் பேர்களை எடுக்க வேண்டியிருந்தது. பேர் மாற்றப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒரு மனிதர், கடல் கடந்து வந்து பேர் மாறிய மக்களிடம் தமிழ் படித்திருக்கிறார்.

'தம்பிரான் வணக்கம்' வருவதற்கும் முன்னால் ஒரு புத்தகம் இருக்கிறது. 1554 பெப்ரவரியில் லிஸ்பனில் அச்சான சின்னச் செபப் புத்தகம். மொழி தமிழ், எழுத்து ரோமன் எழுத்து. இப்போது நாங்கள் வட்ஸ்அப்பில் தங்கிலீஷில் அடிப்பதைப் போல. தமிழ் மொழியில் அச்சான முதல் நூல் என்று அதைத்தான் சொல்லுகிறார்கள். அதை ஆக்கியவர்கள் மூன்று பேர்: விசென்தே ட நசரே, ஜோர்ஜ் கர்வாலோ, தோமா ட குரூஸ். மூவரும் எங்கட பக்கத்து ஆக்கள், கடல் தாண்டி அங்கே போய் இருந்தவர்கள். பேரை மட்டும் பார்க்கிறவர் மூன்று வெள்ளைக்காரர் என்றுதான் நினைப்பார்.

தடை வந்தது, பேர் போகவில்லை

1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள், வழிபாட்டைத் தடை செய்தார்கள். ஞானஸ்நானம், கலியாணம் எல்லாம் அவர்களின் சீர்திருத்தச் சபையில் பதிய வேண்டும். மாந்தையில் இருந்த குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனதும் இந்தக் காலத்தில்தான். மடுவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1687இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கிய யோசே வாஸ் அடிகளார் ஒளித்துத் திரிந்து இந்த மக்களைப் பார்த்தார். 2015 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்து, அதே நாளில் மடுவுக்கும் வந்தது எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அவரின் 'வாஸ்' என்பதும் போர்த்துக்கேயப் பேர்தான், வாஸ்கோவின் மகன் என்று அர்த்தம். ஆனால் அவர் கோவாவில் பிறந்த கொங்கணிக்காரர்.

போர்த்துக்கேயர் போய்விட்டார்கள். அவர்களின் பேரை வைத்திருப்பதில் இனி ஒரு இலாபமும் இல்லை. இன்னும் சொன்னால், ஒல்லாந்தர் காலத்தில் அது சந்தேகத்தை வரவழைக்கிற பேர். அப்படியும் எங்கட ஆக்கள் விடவில்லை. ஒப்பந்தக் கையெழுத்தாக வந்த பேர் எங்கட சொந்தப் பேராக மாறியது இந்த இடத்தில்தான் என்று நாங்கள் நினைக்கிறோம். பாதுகாப்புத் தருகிறவன் போன பிறகும் வைத்திருக்கிற பேர், கடன் வாங்கின பேர் இல்லை.

1795இல் இங்கிலீஷ்காரர் வந்தார்கள். அவர்களின் அலுவலகங்களில் பேரை எழுதுகிற எழுத்து மாறியது. போர்த்துக்கேயர் 'யூ'வும் 'இசட்'டும் போட்டு எழுதிய குரூஸ், எங்கட பதிவுகளில் இரண்டு 'ஓ'வும் ஒரு 'எஸ்'ஸும் போட்ட குரூஸ் ஆகிவிட்டது. அது தமிழ் வாய் சொன்னதை இங்கிலீஷ் காது கேட்டு எழுதிய மாதிரி இருக்கிறது. ஆகவே 'இங்கிலீஷ் பேரோ' என்று கேட்கிறவரிடம் ஒன்றை ஒத்துக்கொள்ளலாம்: எழுத்து இங்கிலீஷ், சொல் போர்த்துக்கேயம், உச்சரிப்பு தமிழ்.

இந்த உச்சரிப்பைக் குறைவாக நினைக்காதீர்கள். 'கூஞ்ஞ' என்ற பேரில் வருகிற மூக்கொலியைப் போர்த்துக்கேயர் இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். இங்கிலீஷில் எழுதப்போய் அது 'கூங்கே' மாதிரி ஏதோ ஒன்றாகிவிட்டது. எங்களுக்கு 'ஞ' இருக்கிறது. நானூறு ஆண்டுக்கு மேலாக அந்த ஒலியைப் பிசகாமல் வைத்திருப்பது படிக்காத ஆக்கள் என்று சொல்லப்பட்ட கடல்தொழிலாளரின் வாய்தான்.

ஒரே பேர், எத்தனை ஆக்கள்

குரூஸை வைத்து ஒரு ஆளின் இனத்தைச் சொல்லலாமா? பார்ப்போம்.

உவரியில் பிறந்த எழுத்தாளர் ஜோ டி குரூஸ், 'கொற்கை' நாவலுக்காக 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றவர். தமிழர். தூத்துக்குடிக்கு வல்லநாட்டில் இருந்து குடிதண்ணீர் கொண்டுவந்த நகரசபைத் தலைவர் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து. அவரும் தமிழர், அவருக்குக் குரூஸ் குடும்பப் பேர் இல்லை, சொந்தப் பேர். 'நண்பன்' படத்தில் நடித்த இலியானா டி குரூஸ், தகப்பன் வழியில் கோவா. நீர்கொழும்பிலும் கொழும்பிலும் இருக்கிற பரதர்களிலும் குரூஸ் உண்டு. சனத்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களைத் தனி இனமாகப் பதிகிறார்கள். அதே பேரோடு மன்னாரில் இருக்கிறவர் 'இலங்கைத் தமிழர்'. பர்ணாந்துவை எடுத்தால் இன்னும் வேடிக்கை. தெற்கே போனால் அது பிரனாந்து, சிங்களக் கரையில் பெருவாரியான பேர். ஒரு பேரை வைத்துச் சோதனைச்சாவடியில் ஆளைப் பிரித்துப் பார்த்த நாட்டில், இந்தப் பேர்கள் யாருக்கும் சரியான மறுமொழி கொடுத்ததில்லை.

பிலிப்பைன்ஸில் மிகப் பொதுவான குடும்பப் பேர்களில் முன்னுக்கு நிற்பது 'டெலா குரூஸ்'. எங்களுக்கு 'குப்பன் சுப்பன்' மாதிரி, அங்கே சாதாரண மனிதனைக் குறிக்க 'ஹுவான் டெலா குரூஸ்' என்பார்கள். அங்கேயும் வேதத்தில் சேர்ந்த ஆக்கள் கூட்டங்கூட்டமாக இந்தப் பேரையே எடுத்தார்கள். ஆளுக்காள் பிரித்து வரி எடுக்க முடியாமல், 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா ஒரு பெரிய பேர்ப்பட்டியலைத் தயாரித்து, குடும்பங்களுக்குப் பேர் பங்கிடச் சொல்லிக் கட்டளை போட்டார். கடைக்கணக்குக்குத் துண்டு கட்டுவது போல மனிதருக்குப் பேர் கட்டினார்கள்.

அடுத்தது சாதி. போர்த்துக்கேயப் பேர் பரதவருக்கு மட்டும் வரவில்லை. வேதத்தில் சேர்ந்த கரையார், முக்குவர், கடையர் என்று பலருக்கும் வந்தது. ஞானஸ்நானத் தொட்டியடியில் பேர் கிடைத்தபோது அது எல்லாருக்கும் பொதுவான பேர். பழைய அடையாளத்தை அழிக்கிற பேர் என்றுகூடச் சொல்லலாம். பிறகு நாங்கள்தான் அந்தப் பேருக்குள்ளேயும் 'எந்த ஊர்க் குரூஸ், எந்தக் கோயில் பர்ணாந்து' என்று வேலி போட்டோம். வெளியில் இருந்து வந்த பேரை முழுக்கத் தமிழாக்கியதற்கு இதுவும் ஒரு அத்தாட்சிதான், வெட்கப்பட வேண்டிய அத்தாட்சி. போர்த்துக்கேயன் இதைச் சொல்லித் தரவில்லை.

பெருக்கமரமும் கதிரையும்

கொஞ்ச நாளாக இன்னொரு போக்கும் நடக்கிறது. பிள்ளைக்குத் தனித்தமிழ்ப் பேர் வைத்து, குரூஸை வெட்டிவிடுவது. தமிழ்ப் பேர் வைப்பதில் எங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை, எங்களிலேயே பாதிப்பேருக்கு அப்படித்தான் பேர். ஆனால் 'அந்நியப் பேரைத் துடைக்கிறோம்' என்று சொல்லும்போது ஒரு விசயம் கேட்கத் தோன்றும். கதிரையில் இருந்து, மேசையில் பாண் சாப்பிட்டு, லேஞ்சியில் வாய் துடைத்து, சப்பாத்துப் போட்டு, அலுமாரியைப் பூட்டி, திறப்பை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிறோம். இதில் திறப்பைத் தவிர மிச்சம் முழுக்கப் போர்த்துக்கேயச் சொற்கள். கதிரையை யாரும் 'நீ தமிழோ' என்று கேட்பதில்லை.

பள்ளிமுனைக்கு வருகிறவர்கள் எல்லாரும் போய் நின்று படம் எடுக்கிற பெருக்கமரம் ஒன்று இருக்கிறது. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். ஆபிரிக்க மரம், அரபு வணிகர்கள் தங்கட ஒட்டகங்களுக்குத் தீன் போட என்று கொண்டுவந்து நட்டதாகச் சொல்லுவார்கள். இன்றைக்கு மன்னாரின் அடையாளம் என்று போடுகிற படங்களில் பாதி அந்த மரந்தான். அதை எங்கட மரம் என்று சொல்லுவதற்கு ஒருவரும் அத்தாட்சி கேட்கவில்லை.

இப்பவும் பேர் உறைகிறது

முன்னுக்குச் சொன்ன 'உறைந்த தகப்பன் பேர்' விசயத்துக்கு வருவோம். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இலண்டனிலும் இருக்கிற எங்கட சொந்தக்காரருக்கு என்ன நடந்தது? குடிவரவு மேசையில் ஒரு படிவம், அதில் 'குடும்பப் பேர்' என்று ஒரு கட்டம். தமிழருக்கு அந்தக் கட்டத்தில் போட ஒன்றும் இல்லை. தகப்பன் பேரைப் போட்டார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் அதே பேர் போகிறது, இனிப் பேரப்பிள்ளைக்கும் போகும். ஒரு தலைமுறையோடு மாற வேண்டிய சிவகுமாரும் கந்தசாமியும் இனி மாறாத குடும்பப் பேர்கள். பெர்னாண்டோவின் மகன் பெர்னாண்டஸுக்கு நடந்த அதே கதை. இன்னும் முந்நூறு ஆண்டு போன பிறகு, தமிழே தெரியாத ஒரு சிவகுமாரிடம் யாரோ 'இது எந்த நாட்டுப் பேர்' என்று கேட்கத்தான் போகிறார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதை இருக்க வேண்டும்.

அதனால் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அம்மம்மாவிடம், அப்பப்பாவிடம் உங்கட பேரின் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள். குரூஸாக இருக்க வேண்டும் என்று இல்லை, எந்தப் பேராக இருந்தாலும் சரி. கலியாணத்துக்கு முதல் அம்மம்மாவின் பேர் என்ன என்றும் கேளுங்கள். குடும்பப் பேர் தகப்பன் வழியில்தான் போகும். ஆகவே ஒவ்வொரு கலியாணத்திலும் ஒரு பேர் சத்தமில்லாமல் நின்றுபோகிறது. போரில் பத்திரங்கள் எரிந்து, இடம்பெயர்வில் பெட்டிகள் தொலைந்த குடும்பங்களுக்கு இப்போது மிச்சம் இருப்பது பெரியாக்களின் ஞாபகம்தான். அதுவும் எத்தனை நாளைக்கு?

எங்களிடம் இனி அந்தப் பகிடிக் கேள்வியைக் கேட்டால் மறுமொழி தயார். டொம் குரூஸ் எங்களுக்கு ஒரு முறையும் இல்லை. ஆனால் தோமா ட குரூஸ் என்று ஒருவர் இருந்தார். 1554இல் லிஸ்பனில் தமிழை அச்சில் ஏற்றியவர்களில் ஒருவர். அவர் எங்கட ஆள்.